அண்ணி கொண்டுவந்த கற்கள்

போன தை மாதம் என் மகன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். மண்டபத்து வாசலில் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து சின்ன பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து, படிக்கல்லை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நரைத்தலை அம்மாள்தான் என் அண்ணி. "யாரு அது, கம்மல் திருகாணிய தொலச்சிட்டாங்களா?" என்று உங்களில் ஒருத்தி என் காதோரம் கேட்டாள். பந்தியைக் கவனிக்கிற அவசரத்தில் நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போதுதான் உட்கார்ந்து சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு இதில் பல சங்கதிகள் பழக்கமானவையாகவே இருக்கும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டின ஊர் எங்களுடையது. அந்தக் கோடையில்தான் நைனா, அதாவது எங்கள் அப்பா, புது வீடு கட்டி முடித்திருந்தார். தெருவைப் பார்த்த முன்சுவருக்குப் பூச்சே கிடையாது. கருங்கல்லை அப்படியே முகம் காட்டி வைத்து, இடுக்குகளில் மட்டும் சிமென்ட் கோடு இழுத்த சுவர். ஊருக்கு வெளியே குன்றடியில் புதிதாகத் தோண்டிய கல்பள்ளம் ஒன்றில், கருங்கல்லுக்குள் மஞ்சள் மஞ்சளாக மினுக்குகிற கற்கள் கிடைத்தன. நைனா தினமும் காலையில் சொம்புத் தண்ணீரோடு அங்கே போவார். ஒவ்வொரு கல்லின் மேலும் தண்ணீர் தெளித்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, அதிகம் மினுக்குகிற கல்லைத்தான் வண்டியில் ஏற்றச் சொல்வார். சுவர் எழும்பி முடிந்ததும் சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்தால், பொடிப்பொடியாகப் பொன் தூவின மாதிரி இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நைனா தெருவில் நாற்காலி போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து காபி குடிப்பார்.

ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம். அண்ணிக்கு ராணிப்பேட்டை. அவள் அப்பா அங்கே ஓர் ஆசிட் கம்பெனியில் வேலை பார்த்தவர். அண்ணி காலேஜில் மூன்று வருஷம் நிலவியல் படித்தவள். கடைசிப் பரீட்சை நேரத்தில் அவள் அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது, பரீட்சை எழுதவில்லை. பெண் பார்க்கப் போனபோது அண்ணன் அவளிடம், "சித்திரைல எழுதிக்கலாம், நான் இட்டுக்கினு போறேன்" என்று சொல்லியிருந்தான். இது அப்போது எங்கள் வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சீர்வரிசையோடு ஒரு அலுமினியப் பள்ளிக்கூடப் பெட்டியும் வந்து இறங்கியது. நாம் எல்லோரும் ஸ்கூலுக்குத் தூக்கிப் போனோமே, மூடியில் ஒடுக்கு விழுந்து, கொக்கி சரியாக மாட்டாத பெட்டி, அதே ஜாதி. நகை இருக்கும் என்று நினைத்து அம்மா அதை பீரோவில் வைக்கத் தூக்கினாள். கனம் தாங்காமல் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாமா இது, இந்த கனம் கனக்குது?"

"கல்லு, அத்த. படிக்கறதுக்கு."

அம்மா பெட்டியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், பரண் பக்கம் கையைக் காட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்த அன்றே அண்ணி அந்த முன்சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறாள். ராத்திரி அண்ணனிடம், "அது மழைக்கு ஆவாத கல்லு, மாமாகிட்ட சொல்லணும்" என்றிருக்கிறாள். அண்ணன், "நைனா ஒவ்வொண்ணா பொறுக்கினாரு. வந்ததும் வராததுமா நீ இத சொல்லாத" என்று தடுத்துவிட்டான். பல வருஷம் கழித்து அண்ணியே என்னிடம் சொன்னது இது. அவன் அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தான்.

மத்தியானங்களில் வீடு அடங்கிவிடும். அண்ணி நெல் மூட்டை அறையில் பெட்டியைத் திறப்பாள். உள்ளே பஞ்சு வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தீப்பெட்டிக் கூடு. எனக்கு வேலை, அவள் கண்ணை மூடிக்கொள்ள, கற்களை மாற்றி மாற்றி வைப்பது. பரீட்சையில் மேஜைமேல் கற்களைப் பரப்பிவிட்டு, இது என்ன, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்களாம்.

அவள் கல்லைப் பார்க்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முதலில் கையில் ஏந்தி ஆட்டுவாள். பிறகு பேனாக்கத்தியால் ஒரு கீறல். பிறகு, உடைந்த ஊறுகாய் ஜாடியின் அடிப்பக்கம், பளபளப்பில்லாமல் சொரசொரவென்று இருக்குமே, அதில் ஒரு இழுப்பு. ஈயக் கல் என்றால் உள்ளங்கை சட்டென்று கீழே இறங்கும். உடைத்தால் சின்னச் சின்னக் கட்டங்களாக, அளவெடுத்து வெட்டின மாதிரி உதிரும். இங்க்லீஷ் பெயர் கலீனா. துத்தநாகக் கல் பழைய வெல்லக்கட்டி நிறம். ஜாடியில் தேய்த்ததும் லேசாக அழுகின முட்டை நாறும். பாதரசம் எடுக்கிற லிங்கம் ரத்தச் சிவப்பு, கோடும் சிவப்பு. மஞ்சளாக இரண்டு கற்கள் இருந்தன. ஒன்றைக் கத்தி கீறும். அது செம்புக் கல், பழசானால் மயில் கழுத்து நிறம் ஏறும். இன்னொன்றைக் கத்தி கீறாது. அதுதான் பைரைட்.

"எல்லாத்திலயும் கந்தகம் கீது, கண்ணு. கந்தகம் ஒவ்வொரு உலோகத்தோட சேந்துக்கினு ஒவ்வொரு வேஷம் போடுது" என்றாள்.

"இத வெச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். பம்புசெட் மோட்டாரைத் தொட்டு, உள்ளே சுற்றியிருக்கிற கம்பி செம்புக் கல்லிலிருந்து வந்தது என்றாள். கிணற்றடி வாளிமேல் பூசியிருக்கிற வெள்ளைப் பூச்சு அந்த வெல்லக்கட்டிக் கல். பக்கத்து நிலத்து டிராக்டர் பேட்டரிக்குள் இருக்கிற தகடு ஈயக் கல். மாட்டுக்கொட்டகை ஓரம் அடுக்கியிருந்த சூப்பர் உர மூட்டையைத் தட்டி, "இது செய்றதுக்கு ஆசிட் வேணும். அந்த மஞ்சக் கல்ல கொளுத்திக்கூட ஆசிட் எடுக்கறாங்க" என்றாள். எனக்கு அன்றைக்கு எங்கள் தோட்டமே வேறு மாதிரி தெரிந்தது. ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், வாளி கல்லிலிருந்து வந்தது என்று சொன்னேன். வாயை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம் விடாத மழை. ஏரி நிரம்பி, மிகுதித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தது. நாலைந்து நாள் கழித்து வெயில் எட்டிப் பார்த்தபோது, முன்சுவரில் கற்களிலிருந்து பழுப்புக் கோடுகள் வழிந்திருந்தன. கண்ணுக்குக் கீழே மை கலைந்து வழிகிற மாதிரி, கல்லுக்குக் கல். அம்மா தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். போனது. அடுத்த மழைக்கு இன்னும் அதிகமாக வந்தது.

பிரசவத்துக்கு வந்த அக்கா அப்போது கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். குழந்தையைப் பார்க்க வந்த பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"வூடு அழுவுதுடி. புது வூடு எங்கனா அழுவுமா? ஒரு பொண்ணு வந்து கால் வெச்ச மூணாம் மாசம் அழுவுது."

அதோடு நிறுத்தவில்லை. பரண்மேல் என்ன பெட்டி என்று கேட்டாள். மருமகள் எந்தெந்த மலையிலிருந்தோ, எந்தெந்தக் குழியிலிருந்தோ எடுத்த கற்களை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு மத்தியானத்தில் கத்தியால் கீறுகிறாள் என்பது, நான் வாய் உளறியதால் ஏற்கெனவே தெருவுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா கெட்டவள் இல்லை. அதை உங்களுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பயந்தால் கை உடனே வேலை செய்கிற சுபாவம் அவளுக்கு. மறுநாள் அண்ணி களத்துமேட்டுக்குப் போயிருந்த நேரம், பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். கிணறு கைக்கெட்டும் தூரத்துக்கு நிரம்பியிருந்தது. பெட்டி மிதக்கவே இல்லை. ஒரே ஒரு தீப்பெட்டிக் கூடு மட்டும் மேலே வந்து சுற்றியது.

அண்ணி திரும்பி வந்ததும் அம்மா மறைக்கவில்லை. "பொட்டிய நான்தான் கெணத்துல போட்டேன். வூட்டுக்கு ஆவல" என்றாள். அண்ணி உள்ளே போய் அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள்.

மழை நிற்கவில்லை; சுவர் வழிவதும் நிற்கவில்லை. கார்த்திகையில் பெரியம்மா மறுபடி வந்தாள். பெண்ணைக் கொஞ்ச நாள் தாய்வீட்டில் விட்டுவைக்கலாம், தோஷம் கழித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிக் கொஞ்ச நாளுக்குப் போய், தலை நரைக்கும்வரை தாய்வீட்டிலேயே இருந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நைனா, "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

புறப்படுகிற அன்று காலை தூறல் விட்டிருந்தது. காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மாட்டுக்கொட்டகைத் தரை போட மேஸ்திரி வந்து தெருவில் சாமானை இறக்கிக்கொண்டிருந்தார். பையோடு படியிறங்கின அண்ணி, பையைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"மேஸ்திரி, அந்த சுத்தியும் உளியும் கொஞ்சம் குடுங்க."

அவர் நைனாவைப் பார்த்தார். நைனா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி கொடுத்துவிட்டார்.

அண்ணி சுவரண்டை போய், கோடு ரொம்ப அடர்த்தியாக வழிந்த ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தாள். அடிப்பதற்கு முன் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அத்த, என் பொட்டி போயி ஒரு மாசம் ஆவுது. செவுரு வழியறது நின்னுச்சா?"

தெருவில் பால்காரர், எதிர்வீட்டுக்காரர்கள், ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

அண்ணி உளியை வைத்து ஓங்கி அடித்தாள். பொறி பறந்தது. இரண்டாவது அடியில் கல்லின் முகம் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது. உள்ளே, மழை படாத இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பொன் மஞ்சளாக ஒரு திட்டு. அதன் விளிம்பு மட்டும் பழுப்பாகக் கரைந்திருந்தது. இன்னொரு முறை அந்தத் திட்டின்மேலேயே அடித்தாள்.

"கிட்ட வந்து மோந்து பாருங்க, அத்த."

அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கிட்டே போனாள். குனிந்து முகர்ந்தாள்.

"தீவாளி வெடி மாதிரி கீது" என்றாள் மெதுவாக.

"கந்தகம். இதுக்குள்ள இரும்பும் கந்தகமும் சேந்து கீது. தண்ணியும் காத்தும் பட்டா இரும்பு துருவாவுது, கந்தகம் ஆசிடாவுது. உள்ள போற தண்ணி துருவ எடுத்துக்கினு வெளிய வருது. வூடு அழல, அத்த. துருதான் வழியுது."

என்னை ஓடச் சொல்லி அந்த உடைந்த ஜாடியை எடுத்துவரச் சொன்னாள். மஞ்சள் துண்டை அதன் அடியில் தேய்த்தாள். கோடு கறுப்பாக விழுந்தது. "தங்கமா இருந்தா கோடும் மஞ்சளா இருக்கும்" என்று சொல்லி, தன் தாலிக் குண்டை அதிலேயே லேசாக இழுத்துக் காட்டினாள். மெல்லிசாக, மஞ்சளாக.

பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நைனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சுவருக்கு வந்து, பெயர்ந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் பழுப்பாக வந்தது.

"இந்தக் கல்ல பொறுக்கினது நானு" என்றார். யாரிடம் என்றில்லாமல், தெருவைப் பார்த்து. பிறகு அண்ணியிடம், "உனுக்கு முன்னயே தெரியுமாமா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். தூணண்டை நின்ற அண்ணன்தான் இறங்கி வந்தான். "வந்த அன்னிக்கே சொன்னா, நைனா. நான்தான் உங்ககிட்ட சொல்லவேணாம்னேன்."

"ஏண்டா?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க."

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் யாராவது ஏறுகிறார்களா என்று பார்த்தார். அம்மா அண்ணியின் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பஸ் போய்விட்டது.

அந்த வாரமே மேஸ்திரி சுவரை உளியால் கொத்தி, மோசமான கற்களைப் பெயர்த்துவிட்டு, மேலே சிமென்ட் பூசினார். பொன் மினுக்கு போய்விட்டது. தெருவில் எல்லா வீட்டையும்போல ஒரு வீடாகிவிட்டது எங்கள் வீடு. நைனாவுக்கு வருத்தம் இருந்திருக்கும். சாயங்காலக் காபியை அதற்குப் பிறகு உள்ளேயே குடித்தார்.

பரீட்சை விஷயத்தையும் அண்ணன் வீட்டில் சொல்லிவிட்டான். அம்மாவுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் அண்ணியைக் கூப்பிட்டு, "அந்தப் பொட்டில இன்னா இன்னா இருந்துச்சி, சொல்லு" என்றாள். அண்ணி சொல்லச் சொல்ல விரல் மடக்கி மனதில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் போனவள், நாட்டு மருந்துக் கடையிலிருந்து லிங்கம் வாங்கிவந்தாள். கூத்துக் கட்டுகிறவர் ஒருவரிடம் கேட்டு, முகத்துக்குப் பூச அந்தக் காலத்தில் வைத்திருந்த அரிதாரம் ஒரு துண்டு. அதுவும் கந்தகம் கலந்த கல்தான், விஷம் என்று சொல்லி அண்ணி அதைத் தனியாகப் புட்டியில் அடைத்தாள். கடைசியாக, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பளபளவென்று ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்து வைத்தாள் அம்மா.

"அஞ்சனக்கல்லு. இது உன் லிஸ்ட்ல இருந்துச்சில்ல? குழந்த கண்ணுக்குக்கூட உங்க பெரியம்மா இததான் இழைச்சி வெக்கிறா."

அண்ணியின் முகம் மலர்ந்தது. அஞ்சனக்கல்லின் இங்க்லீஷ் பெயர் ஸ்டிப்னைட். பரீட்சைக்கு வேண்டிய கல். ஆனால் கையில் ஏந்தி ஆட்டினதும் மலர்ச்சி நின்றுவிட்டது. கை கீழே இறங்கியது. சுத்தியால் லேசாகத் தட்டினாள். கட்டம் கட்டமாக உதிர்ந்தது. கொல்லைக்குப் போய் விளக்குச் சுடரில் ஒரு சில்லைக் காட்டினாள். அஞ்சனக்கல் என்றால் மெழுகு மாதிரி உருகிவிட வேண்டுமாம். இது படபடவென்று வெடித்து உதிர்ந்ததே தவிர உருகவில்லை.

அவள் திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தாள். மீதிக் கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பாடுபட்டுத் தேடி வாங்கிவந்த பொருள். தன் பரீட்சைக்காகவே வாங்கிவந்தது.

"சொல்லுமா, இன்னா?"

"இது அந்தக் கல்லு இல்ல, அத்த. கலீனா. ஈயம். பாக்கறதுக்கு ஒண்ணாட்டமே இருக்கும், கடையில மாத்தி குடுத்துடறாங்க. கொழந்த ஒடம்புல ஈயம் சேந்தா..."

அவள் முடிக்கவில்லை. அம்மா அதற்குள் எழுந்துவிட்டாள். தூளியிலிருந்து குழந்தையை எடுத்து, ஈரத் துணியால் கண்ணோரம் மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டது. அக்கா ஓடிவந்து என்ன என்று கேட்டதற்கு, "அண்ணி சொல்லுது" என்றாள் அம்மா. வேறு காரணம் சொல்லவில்லை. மையோடு இருந்த கிண்ணம், இழைக்கிற கல், எல்லாம் அன்றே குழி தோண்டிப் புதைக்கப்பட்டன. குழந்தையை டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தார்கள். நன்றாக வளர்ந்தது. இப்போது அவனுக்கே வழுக்கை.

செம்புக் கல்லும் துத்தநாகக் கல்லும் எங்கேயும் கிடைக்கவில்லை. அண்ணி வெல்லக்கட்டியை வைத்துப் படித்தாள். பாதிப் பாடத்தில் நான் அதைத் தின்றுவிடுவேன்.

சித்திரையில் பரீட்சை. அண்ணனுக்கு அறுப்பு நேரம். அதனால் அம்மா கிளம்பினாள், ஒட்டிக்கொண்டு நானும். காலேஜ் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்தோம். வெயில் கொளுத்தியது. பக்கத்தில் இன்னொரு அம்மாள் தன் பெண்ணுக்காகக் காத்திருந்தாள்.

"பொண்ணா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"மருமவ."

"மருமவளயா படிக்க வெக்கிறீங்க? பட்டம் வாங்கிக்கினு வேலைன்னு எங்கனா போயி நின்னுக்கும். அப்பறம் உங்கள யாரு பாப்பாங்க?"

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"போனா போவட்டும். நாங்க போயி பாத்துக்குனு வர்றோம்" என்றாள்.

அண்ணி வெளியே வந்தபோது எதுவும் கேட்காமல் சாதத்தைப் பிசைந்து கையில் வைத்தாள் அம்மா. மேஜைமேல் செம்புக் கல்லும் இருந்ததாம். மயில் கழுத்து நிறத்தைப் பார்த்தே எழுதிவிட்டதாக அண்ணி சொன்னாள். ஒரு கல் மட்டும் சரியாகத் தெரியவில்லையாம். பரவாயில்லை என்று அம்மா இன்னொரு பிடி வைத்தாள்.

அண்ணி பாஸ் செய்தாள். இரண்டு வருஷம் கழித்து, செங்கல்பட்டில் ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் வருகிற கல்லைச் சோதித்துப் பார்க்கிற ஒரு லேபில் வேலை கிடைத்தது. அண்ணன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவளோடு போனான். அம்மா சொன்னபடியே மாதம் ஒருமுறை பஸ் ஏறினாள். போகிற தடவையெல்லாம் அந்தத் தெருவில் திண்ணை கிடைக்காவிட்டாலும் குழாயடி கிடைத்தது. "என் மருமவ கல்லு டாக்டரு" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டு வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நானும் அங்கே இருந்தபோது, நடுவயசுக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எக்ஸ்ரே உறையோடு வந்து கதவைத் தட்டினார். ஆறு மாதமாகச் சிறுநீர்க் கல், தாங்க முடியவில்லை, குழாயடியில் விசாரித்தேன், இங்கேதான் நல்ல டாக்டர் என்றார்கள் என்றார்.

அண்ணி சிரிக்கவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பெரிய சொம்பில் மோர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ் நிற்கும் இடம்வரை அவரோடு தானே நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தாள். அந்த எக்ஸ்ரேயை மட்டும், அவர் மோர் குடிக்கிற நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.